இந்திய–சீனத் தூதர்களின் வரலாறு: எந்த ஆவணத் தளம் எதற்கு உதவும்?

1948இல் அப்போதைய சீனத் தலைநகர் நான்கிங்கில் பொறுப்பேற்ற கே.எம். பணிக்கர் முதல், 1976இல் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) போய்ச் சேர்ந்த கே.ஆர். நாராயணன் வரையிலான இந்தியத் தூதர்களின் வரலாற்றை மூல ஆவணங்களிலேயே படிக்க இன்று டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. இந்தியத் தேசிய ஆவணக்காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளம், அமெரிக்காவின் வில்சன் மையம் உருவாக்கிய மின் ஆவணக்காப்பகம், அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுதிகள், நம் வெளியுறவு அமைச்சகத்தின் வெள்ளை அறிக்கைகள் என நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

முதலிடம் அபிலேக் படலுக்குத்தான். மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் மின்மயமான கோப்புகளைத் திரையிலேயே படிக்கலாம். ஆனால் தேடும் முறை தெரியாமல் உள்ளே போனால் ஒன்றும் அகப்படாது. தேடுபெட்டி கோப்பின் தலைப்பையும் பட்டியல் விவரங்களையும் மட்டுமே பார்க்கிறது. கோப்புக்குள் தட்டச்சு செய்திருப்பதை அது படிப்பதில்லை. ஆகவே 1950ஆம் ஆண்டு எழுத்தர் கோப்பின் மேலட்டையில் என்ன எழுதியிருப்பாரோ அதை யோசித்துத் தேட வேண்டும். பெய்ஜிங் என்று போட்டால் பலனில்லை. அந்நகரின் பழைய பெயர்களான பீக்கிங், பீப்பிங், முந்தைய தலைநகரங்களான நான்கிங், சுங்கிங் என்று அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் தனித்தனியாகத் தேடுங்கள். சீனப் பெயர்களுக்கும் இதே விதிதான்.

தூதரின் பெயரை வைத்துத் தேடுவது அதைவிட மோசமான வழி. ஆர்.கே. நேரு 1955 முதல் 1958 வரை பீக்கிங்கில் தூதர். நேரு என்று போட்டால் பிரதமரின் கோப்புகள் வந்து குவியும், தூதர் அடியில் புதைந்துபோவார். கே.பி.எஸ். மேனன் விஷயத்தில் குழப்பம் இன்னும் கூடுதல். மூத்தவர் 1947இல் சீனாவுக்குத் தூதர். அடுத்த ஆண்டே வெளியுறவுச் செயலரானார். எனவே பணிக்கர் அனுப்பிய தந்திகளிலும் அவர் பெயர் வரும், இந்த முறை பெறுநராக. அதே பெயருள்ள அவர் மகன் 1980களில் பீக்கிங்கில் தூதராக இருந்தார். பேரன் சிவசங்கர் மேனன் 2000இல் அங்கே தூதரானார். ஜி. பார்த்தசாரதியிலும் கவனம் வேண்டும். 1958 முதல் 1961 வரை பீக்கிங்கில் இருந்தவர், சென்னையில் பத்திரிகையாளராக இருந்தவரும் என். கோபாலசாமி ஐயங்காரின் மகனுமான பார்த்தசாரதி. 1990களின் கடைசியில் பாகிஸ்தானில் இந்திய உயர் ஆணையராக இருந்த ஜி. பார்த்தசாரதி வேறு ஆள்.

அதனால் ஆளை விட்டுவிட்டு இடத்தையும் மாதத்தையும் பிடியுங்கள். வெளியுறவு அமைச்சகம் என்று வடிகட்டி, ஆண்டைக் குறுக்கி, பிறகு பிரிவைப் பாருங்கள். 1940களின் கடைசியிலும் 1950ஐ ஒட்டியும் சீனா, ஜப்பான், கொரியா மூன்றையும் கவனித்த சி.ஜே.கே. பிரிவில் அன்றாடக் கடிதங்கள் கிடைக்கும். தூதரகங்கள் அனுப்பிய மாதாந்திர, ஆண்டு அறிக்கைகளோ ஆர். அண்ட் ஐ. எனப்படும் ஆய்வு, உளவுப் பிரிவின் எண்ணில் இருக்கும். தூதர் உண்மையில் என்ன நினைத்தார் என்பது இந்த மாத அறிக்கைகளில்தான் தெரியும், இவற்றை விட்டுவிட்டுத் தந்திகளை மட்டும் படிப்பவர் பாதி மனிதரைத்தான் பார்க்கிறார். திபெத் விவகாரம் வேண்டுமென்றால் பீக்கிங் கோப்புகளோடு நிற்காதீர்கள். திபெத்தில் இருந்த லாசா, கியான்ட்சே, யாதுங் இந்திய அலுவலகங்களின் அறிக்கைகள் வடகிழக்கு எல்லைப் பிரிவில் இருக்கின்றன. தலைநகரில் விருந்து உபசாரம் நடந்துகொண்டிருந்தபோது சாலை எங்கே போடப்படுகிறது என்பதை எழுதியவர்கள் அவர்கள்.

கோப்பைத் திறந்ததும் கடிதப் பகுதிக்குத் தாவுவது பலரின் வழக்கம். அதற்கு முன்னால் குறிப்புப் பகுதியைப் படியுங்கள். தூதரின் கடிதத்தைப் பார்த்து டெல்லியில் யார் என்ன எழுதினார், எத்தனை நாள் மேசையில் கிடந்தது, யார் கையெழுத்து இல்லை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அபிலேக் படலின் பெரிய குறை தளத்துடையது அல்ல, அதற்கு வந்து சேரும் கோப்புகளுடையது. 1993ஆம் ஆண்டுப் பொதுப் பதிவேடுகள் சட்டமும் 1997ஆம் ஆண்டு விதிகளும் இருபத்தைந்து ஆண்டு கடந்த கோப்புகளைப் பற்றிப் பேசினாலும், சீனா தொடர்பானவற்றில் 1950களின் நடுவுக்குப் பிறகு வரத்து மெலிகிறது. டெல்லி ஜன்பத்தில் உள்ள ஆவணக்காப்பகக் கட்டடத்துக்கே போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் 'என்.டி.' என்ற குறியோடு சீட்டு திரும்பி வரலாம். அமைச்சகத்திலிருந்து இன்னும் மாற்றப்படவில்லை என்று அதற்கு அர்த்தம். பட்டியலில் தலைப்பு இருப்பதால் கோப்பு இருக்கிறது என்று நம்பி ஆய்வுத் திட்டம் போடாதீர்கள்.

அந்த இடைவெளியில் வில்சன் மையத்தின் தளம் கைகொடுக்கிறது. சீன வெளியுறவு அமைச்சகம் தன் ஆவணங்களை 2004 முதல் திறந்துவிட்டு, 2012–13 வாக்கில் பெரும்பகுதியை மறுபடி மூடிக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியே வந்தவற்றில் கணிசமானவை இங்கே ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. 105 என்று தொடங்கும் கோப்பு எண்கள் ஆசியப் பிரிவுடையவை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு வந்த மக்கள் சீனக் குடியரசின் முதல் தூதர் யுவான் சோங்சியான், அடுத்தவர் பான் சிலி. இருவரும் படைத்தளபதிகளாக இருந்து தூதரானவர்கள். பான் சிலி நேபாளத்துக்கும் சேர்த்துத் தூதராக இருந்ததால் அவரை நேபாளத் தலைப்பிலும் தேட வேண்டும். 1960 ஏப்ரலில் சீனப் பிரதமர் ஜோ என்லாய் டெல்லிக்கு வந்து நடத்திய பேச்சுகளின் இந்தியப் பதிவுகள், பின்னாளில் இந்திரா காந்தியின் செயலராக இருந்த பி.என். ஹக்ஸரின் தாள்களிலிருந்து எடுக்கப்பட்டு, இந்தத் தளத்திலேயே இருக்கின்றன. இதற்காக மட்டுமே தளத்தைப் பரிந்துரைக்கலாம். ஒரே எச்சரிக்கை: மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்தெடுத்த ஆவணங்கள் இவை, முழுக் கோப்பு அல்ல. முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று தெரியாது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு இந்த மையத்தைச் சுருக்க ஆணையிட்டது. தேவையானதைப் பிடிஎப்பாக இன்றே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் தொகுதிகளில் முழுப் பாடத்திலும் தேடலாம், நான்கில் தேட எளியது இதுதான். 1950 அக்டோபர் 3 அதிகாலையில் ஜோ என்லாய் பணிக்கரை அழைத்து, அமெரிக்கப் படை கொரியாவின் 38ஆவது இணைகோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்று சொன்னார். அந்தச் செய்தி வாஷிங்டனில் எப்படி வரவேற்கப்பட்டது என்பதை 1950ஆம் ஆண்டின் ஏழாவது தொகுதியான கொரியாத் தொகுதியில் படிக்கலாம். பணிக்கரை அவர்கள் நம்பவில்லை. எச்சரிக்கை காதில் ஏறவில்லை. ஒரு தூதரின் பெயர் எதிர்த்தரப்பில் எவ்வளவு செல்லுபடியாகிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான ஆவணம் கிடைப்பது அரிது.

வெள்ளை அறிக்கைகள் 1959 செப்டம்பரில் வரத் தொடங்கின. இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட குறிப்புகள் தேதிவாரியாக இருப்பதால் எல்லைப் பிரச்சினைக்கு இவற்றைப்போல ஒரு நாட்குறிப்பு கிடையாது. 1959 மே 16இல் பான் சிலி வெளியுறவுச் செயலர் சுபிமல் தத்திடம் வாசித்த அறிக்கையை முதல் தொகுதியில் தேடிப் படியுங்கள். கிழக்கே அமெரிக்கா இருக்க, மேற்கே இந்தியாவையும் பகைத்துக்கொள்ளச் சீனா விரும்பவில்லை என்று அதில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் தூதருக்கும் டெல்லிக்கும் நடுவே நடந்த வாதம் எதுவும் இத்தொகுதிகளில் இராது.

நான்கு தளங்களும் ஒருசேரச் சிரமப்படுத்தும் காலம் 1961 முதல் 1976 வரை. பார்த்தசாரதி திரும்பிய பிறகு டெல்லி புதிய தூதரை அனுப்பவில்லை. 1954இல் அன்றைய தூதர் என். ராகவன் கையெழுத்திட்ட, திபெத் வணிகம் பற்றிய எட்டாண்டு ஒப்பந்தம் 1962 ஜூனில் காலாவதியானபோதும், அதே ஆண்டு போர் நடந்தபோதும் தூதரகத்தைக் கவனித்தவர் பொறுப்புத் தூதர் பி.கே. பானர்ஜி. 1967 ஜூனில் இந்தியத் தூதரக அதிகாரிகள் கே. ரகுநாத்தும் பி. விஜயும் வெளியேற்றப்பட்டபோதும் அங்கே தூதர் கிடையாது. 1970 மே தினத்தன்று மாவோ நல்லெண்ணம் காட்டிப் பேசியது பொறுப்புத் தூதர் பிரஜேஷ் மிஸ்ராவிடம். ஆகவே இந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தூதர் என்ற சொல்லால் தேடினால் வெறும் திரைதான் மிஞ்சும். பொறுப்புத் தூதரைக் குறிக்கும் பிரெஞ்சுப் பதவிப்பெயரை 'சார்ஜ்' (chargé, charge) என்பதன் ஆங்கில எழுத்துகளால், உச்சரிப்புக் குறியோடு ஒரு முறையும் குறியில்லாமல் ஒரு முறையும் தேடுங்கள். அப்போதும் கிடைக்காததை டெல்லி தீன்மூர்த்தி வளாகத்து நூலகத்தில், தத், ஹக்ஸர் இருவரின் தனித் தாள்களில் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.