150 கிலோ குறைந்த கார்: 2,85,000 ரூபாய்க்கு நான் வாங்கிய எடைச் சீட்டு

என்னிடம் இரண்டு எடைச் சீட்டுகள் இருக்கின்றன. ஒரே எடைமேடையில், பதினெட்டு நாள் இடைவெளியில் போட்டவை. முதல் சீட்டில் 1190 கிலோ, இரண்டாவதில் 1040 கிலோ. நடுவில் காணாமல்போன அந்த 150 கிலோவுக்காக 2,85,000 ரூபாய் கொடுத்தேன். கோவையிலோ பக்கத்து ஊர்களிலோ காரின் எடையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் ஷெட் எதிலாவது வண்டியை விட நினைத்திருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். விவகாரம் வழக்குக்குப் போவதால் ஷெட்டின் பெயரைப் போடவில்லை.

வண்டி ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 105 குதிரைத் திறன், எடை ஏறக்குறைய 1110 கிலோ. இதில் 150 கிலோ உண்மையிலேயே குறைந்தால், என்ஜினைத் தொடாமலே 121 குதிரைத் திறன் உள்ள வண்டியைப் போலப் பாயும். பிரேக் சீக்கிரம் பிடிக்கும், டயர் மெதுவாகத் தேயும், வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். எடையைக் குறைப்பது என்ற யோசனையில் எந்தப் பிழையும் இல்லை. பந்தயக் கார் ஓட்டுநரும் வடிவமைப்பாளருமான கரிவர்தன் மாருதி 800-இன் சின்னஞ்சிறு என்ஜினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கிய ஊர் இது. இலேசான வண்டி என்றால் என்னவென்று இங்கே யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆசையை யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்பதில்தான் தவறினேன்.

ஷெட்காரருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். நல்ல பேச்சு. டேப்லெட்டில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். 1973-ஆம் ஆண்டின் போர்ஷே கரேரா ஆர்.எஸ்.: மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு பட்டை. பிறகு 2003-இன் பி.எம்.டபிள்யூ. எம்3 சி.எஸ்.எல்.: கார்பன் கூரை, வழக்கமான எம்3-ஐவிட 110 கிலோ குறைவு. பி.எம்.டபிள்யூ. ஒரு தொழிற்சாலையையே வைத்துக்கொண்டு 110 கிலோ குறைத்தது என்றால், தகரக் கூரைக்குக் கீழே இவர் எப்படி 150 கிலோ குறைப்பார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. படம் அவ்வளவு அழகாக இருந்தது.

பேசிய வேலைகள் இவை. கார்பன் ஃபைபர் பானட், அடித்து உருவாக்கிய அலாய் சக்கரங்கள் நான்கு, ஏர்பேக் இல்லாத சிறிய ஸ்டீயரிங், பின் இருக்கையையும் ஸ்டெப்னியையும் நீக்குவது, தரையில் சத்தத்தை அடக்க ஒட்டியிருக்கும் தார் அட்டைகளைப் பிய்த்து எடுப்பது, கடைசியாக "கதவுகளில் கொஞ்சம் எடை எடுப்போம்". அந்தக் "கொஞ்சம்" என்ன என்று அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏர்பேக்கை எடுக்கச் சம்மதித்தது என் முட்டாள்தனம். அதை யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

வண்டியை விடும்போது டேங்க்கை நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார். "சோதனை ஓட்டம் நிறைய இருக்கும் சார்" என்றார். நிரப்பிக் கொடுத்தேன். திரும்ப எடுத்த அன்று பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோதனை ஓட்டம் என்றுதானே சொன்னார் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெட்ரோலுக்கு வேறொரு வேலை இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வாரம் முழுக்கச் சந்தோஷம்தான். தார் அட்டை போனதால் டயர் சத்தம், சல்லி தெறிக்கும் சத்தம், என்ஜின் இரைச்சல் எல்லாம் உள்ளே கேட்டது. அறுபதில் போனால் நூறில் போவது போல இருந்தது. காது வேகத்தைக் கூட்டிச் சொல்வதை வண்டி கூட்டிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன்.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். நான்காவது சுற்றில் ஒரு வலது வளைவுக்குள் கொஞ்சம் அதிக வேகத்தில் நுழைந்துவிட்டோம் என்று தோன்றி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். பின்பக்கம் துடைத்துவிட்டது போலச் சுழன்று, வந்த வழியைப் பார்த்தபடி புல்லில் நின்றேன். பழைய போலோவில் இதையே ஐம்பது முறை செய்திருப்பேன், மூக்கு சற்று உள்ளே திரும்பும், அதோடு சரி. சேதம் ஒன்றுமில்லை. கால் மட்டும் கொஞ்ச நேரம் கிளட்ச்சின்மேல் நடுங்கிக்கொண்டிருந்தது.

பந்தயக் கார்களில் இருபது ஆண்டு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் அன்று அங்கே இருந்தார். வண்டியைச் சுற்றி வந்தவர், பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தார். முன்னால் இரண்டு விரல் போகும் இடத்தில் பின்னால் நான்கு விரல் போனது. "தம்பி, பின்னால் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு ஸ்பிரிங்கை அப்படியே விட்டிருக்கிறார்கள்" என்றார். நான்கு சக்கரத்துக்கும் அடியில் தனித்தனியாக வைக்கும் தராசுப் பலகைகள் அவரிடம் இருந்தன. ஏற்றிப் பார்த்தோம். எடையில் 64 விழுக்காடு முன்பக்கம், 36 விழுக்காடு பின்பக்கம். முன்சக்கர ஓட்டம் கொண்ட வண்டி எப்படியும் முன்னால் கனமாகத்தான் இருக்கும். பின்னால் இருப்பதை மட்டும் உருவி எடுத்தால் அந்தச் சாய்வு இன்னும் கூடும், பின் டயர்களுக்குத் தரையைப் பிடிக்கப் போதிய பாரம் இருக்காது. எடை குறைந்தால் கையாளுமை கூடும் என்பது எங்கிருந்து குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதோடு ஸ்பிரிங், அதன் துள்ளலை அடக்கும் டேம்பர், சக்கரங்களின் கோணம் எல்லாவற்றையும் புதிய எடைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். ஷெட்காரர் சக்கரக் கோணத்தைக்கூடச் சரிபார்க்கவில்லை.

"இந்தக் கதவில் என்ன சத்தம்?" என்று அண்ணன்தான் கேட்டார். ஓட்டுநர் பக்கக் கதவைச் சாத்தும்போது உள்ளே ஏதோ உருண்டது. எனக்கும் கேட்டிருந்தது, பிளாஸ்டிக் கிளிப் என்று நினைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் கதவின் உள்பலகையைக் கழற்றினோம். டார்ச் அடித்துப் பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைக் குனியச் சொன்னார்.

கதவுக்குள் குறுக்கே ஓடும் எஃகுக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முனைகள் மட்டும் இருந்தன. கட்டிங் மெஷினால் அறுத்த முனைகள். பிசிறுகூடத் தேய்க்கவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை, ஏற்கெனவே செம்பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது. அடியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. கதவைச் சாத்தும்போதெல்லாம் உருண்டது அதுதான். பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து மோதினால் கதவு உள்ளே மடங்கி இடுப்பில் இறங்காமல் தடுப்பதற்காக வைத்த குழாய் அது. எதிர்ப்பக்கக் கதவிலும் அதே கதை. இரண்டு கதவிலும் சேர்த்து மிச்சப்பட்டது நான்கு கிலோ இருந்தால் அதிகம். அந்த எதிர்ப்பக்க இருக்கையில் இரண்டு மாதமாக என் மனைவி உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

மறுபடி வெல்டிங் வைத்துவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். அது உயர்வலு எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் வலு போய்விடும். கதவையே மாற்ற வேண்டும்.

அதற்குப் பிறகு எதையும் நம்பவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏர்பேக் வயர் முனையில் ஒரு சிறிய மின்தடையைச் சொருகி டேப் சுற்றியிருந்தது. ஏர்பேக் அங்கேயே இருப்பதாகக் கணினியை ஏமாற்றி, எச்சரிக்கை விளக்கை அணைக்கும் வேலை. என்னிடம் சொன்னது "மென்பொருளில் சரிசெய்துவிட்டோம்". பானட்டைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். அலுவலக நண்பரிடமும் இதே மாடல் இருந்ததால் அவருடைய இரும்பு பானட்டையும் கெஞ்சிக் கழற்றிக் கொண்டுவந்திருந்தேன். வித்தியாசம் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தபோது வெள்ளை நாராகக் கண்ணாடி இழை தெரிந்தது. மேலே காட்சிக்கு ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி, அடியில் கனத்த கண்ணாடி இழையும் ரெசினும். இதற்கு வாங்கியது 62,000 ரூபாய்.

சக்கரங்கள் இன்னும் மோசம். நண்பருடைய 15 அங்குல அலாய் 7.8 கிலோ. எனக்குப் போட்ட 16 அங்குலம் 8.9 கிலோ. அடித்து உருவாக்கியதும் இல்லை, சாதாரண வார்ப்புதான். வெளிநாட்டுப் பெயர் ஒன்று ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. அலாய் சக்கரங்களில் வழக்கமாக இருக்கும் ஜே.டபிள்யூ.எல். தர முத்திரை எங்கேயும் இல்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடக் கூட, குழிகளில் டயர் தரையை ஒட்டி ஓடுவது குறையும். குறைக்கச் சொல்லிப் பணம் கொடுத்த இடத்தில் நான்கு கிலோவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். கதவுக் குழாயை அறுத்து மிச்சம் பிடித்ததைச் சக்கரம் தின்றுவிட்டது.

இப்போது ஷெட்காரர் எடை போட்டுக் கொடுத்த சீட்டுகளுக்கு வருகிறேன். 1110 கிலோ வண்டி முதல் சீட்டில் எப்படி 1190 ஆனது? உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தால் ஆகும். இரண்டாவது முறை ஆளும் இல்லை, பெட்ரோலும் இல்லை. 40 லிட்டர் பெட்ரோல் என்றால் 30 கிலோ. ஓட்டுநர் 75 கிலோ என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 105. பின் இருக்கை, ஸ்டெப்னி, ஜாக்கி, தார் அட்டை எல்லாம் ஏறக்குறைய 40. மீதி ஐந்து கிலோ மேடையின் கணக்கில் போய்விடும், ஏனென்றால் அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். அதே எடைமேடைக்குப் போய், டேங்க்கை நிரப்பி, ஆளை இறக்கிவிட்டு நானே எடை போட்டேன். 1070. அந்த 40 கிலோவை ஒரு ஸ்பானரும் உளியும் இருந்தால் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்திருப்பேன். எடைமேடைக்காரர் சிரித்தார். "இது லோடு லாரிக்கு வைத்த மேடை தம்பி, இதில் காரின் பானட்டை எடை பார்க்க வந்தால் எப்படி?"

ஷெட்காரரிடம் போய்க் கேட்டேன். குரலை உயர்த்தவே இல்லை. "சீட்டு உங்கள் கையிலேயே இருக்கிறதே சார், அதற்கு மேல் என்ன வேண்டும்?" பழைய பானட், நான்கு அலாய், ஏர்பேக் எங்கே என்றேன். கழிவில் போட்டுவிட்டாராம். போலோவின் ஏர்பேக்கும் அலாயும் பழைய உதிரிபாகச் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றன என்று பிறகு விசாரித்தேன். கழற்றுவதற்கு என்னிடம் கூலி, கழற்றியதை விற்று இன்னொரு காசு. பின் இருக்கை மட்டும் தப்பியது, முதல் நாளே அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இவர்களுக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்பது வழக்கறிஞரைப் பார்த்தபோது புரிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது முதலில் நான். விபத்து நடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனமும் கையை விரித்திருக்கலாம். ஏமாந்தவன் வாயைத் திறக்க மாட்டான் என்பதுதான் அவர்களுடைய முதலீடு. போதாக்குறைக்கு, வண்டியை விடும்போது கையெழுத்து வாங்கிய தாளில் "பந்தயத் தடத்துக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் வண்டி என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இருந்தும் வாயைத் திறக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தயாராகிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஜி.எஸ்.டி. பில் தரவில்லை, ஆனால் பணம் முழுவதும் அவருடைய சொந்தக் கணக்குக்கு யு.பி.ஐ. மூலம் போயிருப்பதால் வங்கி அறிக்கை பேசும் என்கிறார் வழக்கறிஞர். ஏர்பேக் விஷயம் எனக்கு எதிராகவும் திரும்பலாம் என்றும் சொன்னார். திரும்பட்டும்.

உங்களில் யாராவது எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் போடும் ஒவ்வொரு பாகத்தையும் உங்கள் கண்ணெதிரே ஒரு சாதாரணத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். கழற்றியது உங்கள் பொருள், அன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வாருங்கள். "கதவில் கொஞ்சம்" என்று யாராவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வண்டி இப்போது மூடுதுணிக்குள் நிற்கிறது. உக்கடத்தில் ஒரு ஜோடி பழைய கதவுகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், நிறம் வேறு. சீட்டுகள் இரண்டும் வெப்பத்தாளில் அச்சானவை, மை மங்கிக்கொண்டே வருகிறது. நேற்றுத்தான் நகல் எடுத்தேன். முதல் சீட்டில் 1190 நன்றாகத் தெரிகிறது, இரண்டாவதில் கடைசிச் சுழியம் பாதி போய்விட்டது.