தலைவர் பெயர் தேட ஒரு செயலி: 99 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறாள். பெயர் தேடும் வேலை அத்தை தலையில், அதாவது என் தலையில். "சுதந்திரப் போராட்டத்துல இருந்தவங்க பேரா இருக்கணும்" என்று அப்பா ஒரே பிடிவாதம். கூப்பிடச் சின்னதாக இருக்க வேண்டும் என்பது தம்பி மனைவியின் நிபந்தனை. இந்தச் செயலியில் 'தேசத் தலைவர்கள்' என்று தனிப் பகுதியே இருந்ததால் மாதம் 99 ரூபாய் கட்டித் திறந்தேன்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்துப் பெரிது, விளம்பரத் தொல்லை இல்லை, பிடித்த பெயர்களைத் தனியாகச் சேர்த்து வீட்டாருக்கு அனுப்பலாம். ஒரு பெயரைத் தொட்டால் பொருள், ராசி, நட்சத்திரம், கூட்டு எண் எல்லாம் வரும். அந்தப் பெயரோடு வாழ்ந்த ஆள் யார் என்பது மட்டும் வராது.

'குமரன்' என்று தொட்டேன். "இளமையானவன், முருகப்பெருமான்" என்றது. 1932 ஜனவரியில் திருப்பூர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி பட்டு, பிடித்த கொடியை விடாமல் விழுந்த 27 வயதுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை. முருகன் பெயர் தெரிந்துகொள்ள நான் எதற்குக் காசு கட்ட வேண்டும்?

அதைவிடக் கூத்து, காந்தியின் நினைவாக வைக்கும் பெண் பெயர் என்று 'காந்திமதி'யைப் போட்டிருக்கிறார்கள். இதைத் திருநெல்வேலிக்காரியிடமா காட்டுவது! நெல்லையப்பர் கோயில் அம்பாள் பெயர் அது. காந்தி பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே எங்கள் பக்கம் புழங்கும் பெயர்.

ஆண் பெயர்ப் பட்டியலில் பாதி பட்டங்கள். சர்தார், லோகமான்யா, மகாத்மா. நான் பள்ளி ஆசிரியை. பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவது தினசரி வேலை. நேதாஜி, போஸ், திலக் எல்லாம் என் வகுப்புகளில் இருந்திருக்கிறார்கள், யாருக்கும் உறுத்தியதில்லை. ஆனால் "மகாத்மா, பெஞ்சு மேலே ஏறாதே" என்று என்னால் சொல்ல முடியாது.

பெண்கள் பட்டியல் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே நன்றாக இருக்கிறது. வேலு நாச்சியார், குயிலி, வள்ளியம்மை, அஞ்சலை, பிரீதிலதா, கல்பனா, அருணா என்று தேடி எடுத்திருக்கிறார்கள். ஜான்சி ராணியோடு நின்றுவிடவில்லை. எங்கள் வீட்டில் சண்டை தொடங்கியதும் இங்கேதான்.

தம்பி மனைவிக்குக் குயிலி பிடித்துப்போனது. சின்னப் பெயர், வாய்க்கு இதம். அப்பாதான் தயங்கினார். உடம்பில் தீ வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தவள் என்றல்லவா சிவகங்கைப் பக்கம் கதை சொல்கிறார்கள். பச்சைக் குழந்தைக்கு அந்தப் பெயரா என்றார். வள்ளியம்மை என்றதும் அம்மா தலையை ஆட்டிவிட்டாள். தில்லையாடி வள்ளியம்மை தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம் செய்து சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914இல் 16 வயதிலேயே இறந்துபோனாள். தியாகி பெயர் வேண்டும், ஆனால் அல்பாயுசு ஆகாது. எந்த வீட்டிலும் பெரியவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள். இதையெல்லாம் பேசித் தீர்க்க அந்த ஆட்களின் கதை வேண்டும். செயலியோ வள்ளியம்மைக்கு "கொடி போன்றவள்" என்பதோடு நின்றுவிடுகிறது. வரலாறு முழுக்க அப்பா வாயால்தான் வந்தது.

வ.உ.சி. பற்றியும் அவர்தான் சொன்னார். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டு, கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்த மனிதர், பறிபோன வக்கீல் உரிமத்தைத் திரும்பப் பெற உதவிய வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதிக்கு நன்றியாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தேசபக்தர் பெயர்களை விற்கிற செயலியில், ஒரு தேசபக்தர் தன் பிள்ளைக்கு வைத்த பெயரே இல்லை. தேடிப் பார்த்தேன், "முடிவுகள் இல்லை" என்றது.

கடைசியில் எங்களுக்கு அமைந்த பெயரும் அஞ்சலைக்குக் கீழே இருந்திருக்க வேண்டியது. கடலூர் அஞ்சலையம்மாளும் அவர் மகள் அம்மாக்கண்ணுவும் 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலன் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் சிறைக்குப் போனவர்கள். அந்தச் சிறுமியைக் காந்தி தன் ஆசிரமத்துக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பெயர் சூட்டினார். லீலாவதி, வீட்டில் லீலா. அப்பாவுக்கும் சரி, தம்பி மனைவிக்கும் சரி.

முடிவானதும் செயலியில் போட்டுப் பார்த்தோம். கூட்டு எண் சரியில்லையாம், ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' கூடச் சேர்க்கச் சொன்னது. தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து என்று வரும் பிள்ளைகளை எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில், ஏற்றுவதற்குள் எங்களுக்கு உயிர் போகிறது.

"சலுகை இன்றோடு முடிகிறது" என்று அடிக்கடி மணி அடிக்கும், அதற்கும் பதற வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன், இரண்டும் பெண்கள் பட்டியலுக்கு. வாங்குவதானால் ஒரு மாதத்துக்கு வாங்கி, பட்டியலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தானாகப் பணம் எடுக்கும் வசதியை உடனே நிறுத்திவிடுங்கள். அது அமைப்புகளில் மூன்றாவது பக்கத்தில், 'என் திட்டம்' என்பதற்குள் ஒளிந்திருக்கிறது.