மடல் இல்லையென்றால் பாதிப் படம்தான்: 1780-இன் சரட்டோகா போர் வரைபடங்கள்

அமெரிக்க விடுதலைப் போரில், 1777 அக்டோபர் 17 அன்று சரட்டோகாவில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி ஜான் பர்கோயின், தன் மீதான பழியைத் துடைக்க 1780-இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். 'எ ஸ்டேட் ஆஃப் தி எக்ஸ்பெடிஷன் ஃப்ரம் கனடா' என்ற அந்தப் புத்தகத்தில் ஆறு மடிப்பு வரைபடங்கள் உண்டு. அவற்றை வெளியிட்டவர் லண்டன் சேரிங் கிராஸின் வரைபட வெளியீட்டாளர் வில்லியம் ஃபேடன். புத்தகத்திலிருந்து பிரிக்கப்பட்டு இன்று தனித்தாள்களாகவும் அவை விற்பனைக்கு வருகின்றன.

ஆறிலும் தேடி வாங்கவேண்டியவை இரண்டு: செப்டம்பர் 19 சண்டையைக் காட்டும் ஃப்ரீமன் பண்ணைப் படம், அக்டோபர் 7 சண்டையைக் காட்டும் பெமிஸ் ஹைட்ஸ் படம். பின்னதன் தலைப்பில் 'பிரேமஸ் ஹைட்ஸ்' என்றுதான் அச்சாகியிருக்கிறது; அது போலிக்கு அடையாளம் அல்ல. இரண்டையும் வரைந்தவர் 62-ஆம் ரெஜிமென்ட் லெப்டினன்ட் வில்கின்சன். செப்டம்பர் 19-இல் மிக மோசமாக அடிவாங்கியது அந்த ரெஜிமென்ட்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அதன் அணிவரிசைக் கோடுகள் வேறு கனத்தோடு தெரியும்.

இந்த இரண்டின் உயிர் மடலில் இருக்கிறது. சண்டை நடந்த இடத்தின் மேல் தனியாக அச்சிட்ட சிறு தாளை ஒரு விளிம்பில் மட்டும் ஒட்டியிருப்பார்கள்; அதுதான் மடல். மூடியிருக்கும்போது ஒரு கட்டம், தூக்கினால் இன்னொரு கட்டம். படைகள் இடம் மாறியதை ஒரே தாளில் காட்ட இதைவிட நேர்த்தியான வழி கிடையாது. ஆனால் முதலில் கிழிந்து தொலைவதும் இதுதான். மடல் இருந்த இடத்தில் பழுப்பேறிய பசைக் கோடு மட்டும் மிஞ்சியிருந்தால், விற்பவர் எதுவும் சொல்லாவிட்டாலும் அது குறைபட்ட பிரதி.

மடல் இருக்கிறது என்பதாலும் நம்பிவிடக் கூடாது. புதிதாக நகலெடுத்து ஒட்டியதாகவும் இருக்கலாம். மூடிவைத்துப் பாதை, ஓடை, காட்டின் விளிம்பு ஆகியவை கீழ்த்தாளோடு தொடர்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பத்து மடங்கு பூதக்கண்ணாடி. செப்புத்தகட்டு அச்சில் கோடு கூர்மையாகத் தொடங்கி, மை லேசாக மேடிட்டிருக்கும். பிற்கால லித்தோ (கல்லச்சு) நகலில் மை தட்டையாகப் படிந்திருக்கும். புள்ளிகளாகத் தெரிந்தால் இக்கால அச்சு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தாள் வார்த்த கம்பிச் சல்லடையின் இணையான கோடுகள் தெரியவேண்டும். தகட்டின் அழுத்தத் தடத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்: பைண்டர் ஓரத்தை வெட்டியிருந்தால் அந்தப் பக்கம் தடம் இருக்காது.

அதே ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பு சிறிய அளவுப் புத்தகம் என்பதால் அதன் படங்களில் மடிப்புகள் அதிகம். இரண்டும் கிடைத்தால் முதல் பதிப்பையே எடுங்கள். மடிப்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்தில்தான் தாள் முதலில் ஓட்டையாகும். பைண்டிங் பக்கத்துக் கிழிசல் இத்தகைய படங்களில் வழக்கமானது. ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு பின்புறம் சரிசெய்திருந்தால் கவலை வேண்டாம். செல்லோடேப் ஒட்டியிருந்தால் விலகிவிடுங்கள்; பசை நாருக்குள் ஊறி மஞ்சளாக்கும், அந்தக் கறையை எடுப்பது பெரும்பாடு.

கையால் வண்ணம் தீட்டிய பிரதி என்றால் தாளைத் திருப்பிப் பாருங்கள். செம்பு கலந்த பழைய பச்சை, காலப்போக்கில் தாளை அரித்துப் பின்புறம் பழுப்பாக எட்டிப்பார்க்கும். பின்புறம் துப்புரவாக இருந்து பச்சை மட்டும் பளிச்சென்றிருந்தால், வண்ணம் பிற்காலத்தது என்று சந்தேகிக்கலாம்.

கண்ணாடிச் சட்டம் இந்த இரண்டுக்கும் பொருந்தாது. மடல் நிரந்தரமாக மூடிப்போகும், அழுத்தத்தில் அடியில் நிழல் போல மை படியும். அமிலமில்லாத உறையில், மடலுக்கும் கீழ்த்தாளுக்கும் நடுவே மெல்லிய அமிலமற்ற டிஷ்யூ வைத்து, இழுப்பறையில் தட்டையாக வையுங்கள். மடலைத் தூக்கும்போது நுனியைப் பிடித்து இழுக்காமல், அகலமான அட்டைத் துண்டை அடியில் செருகி முழுதாகத் தாங்கித் தூக்குங்கள்.