கூகுள் சர்ச் கன்சோல்: தளம் நடத்துபவர் முதலில் திறக்க வேண்டிய கருவி

2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று அழைக்கப்பட்ட இந்த இலவசச் சேவையை, தேடுபொறி உகப்பாக்கத்தின், அதாவது தேடல் முடிவுகளில் தளத்தை முன்னால் தெரியச் செய்யும் கலையின், அடிப்படைகளைக் கற்க விரும்பும் எவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். தளம் நம்முடையதே என்பதை டிஎன்எஸ் பதிவின் (தளப்பெயரின் அமைப்புகளில் சேர்க்கும் குறிப்பு) மூலமோ தளத்தில் ஏற்றும் ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பின் மூலமோ உறுதிசெய்துவிட்டால், எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது, சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்பதையெல்லாம் 16 மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம்.

இதன் உயிர்நாடி, ஒரு பக்கம் கூகுள் தேடலில் சேர்ந்திருக்கிறதா என்று காட்டும் முகவரிப் பரிசோதனைதான். நான் உழைத்து எழுதிய ஒரு கட்டுரை பல வாரங்களாகத் தேடலில் தென்படாதபோது, குறை எழுத்தில்தான் இருக்கிறது என்று எண்ணி அதையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன்; அதன் முகவரியை இங்கே இட்டுப் பார்த்த பிறகே, சோதனைக் காலத்தில் நானே சேர்த்த 'நோஇண்டெக்ஸ்' குறிச்சொல் (பக்கத்தைத் தேடலில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்வது) நீக்கப்படாமல் இருப்பது தெரிந்தது. அதை அகற்றிவிட்டு, பக்கத்தை மீண்டும் பரிசீலிக்குமாறு அங்கிருந்தே கோரினேன்.

குறைகளும் உண்டு. அறிக்கையின் அட்டவணை 1,000 வரிகளோடு நின்றுவிடுகிறது. மிகச் சிலரே தேடிய சொற்கள் தனியுரிமை கருதி மறைக்கப்படுகின்றன. பெரிய தளங்களுக்கு இது போதாது. ஆயினும், ஒரு பக்கத்தின் தலைப்பை மாற்றிய பின் சொடுக்குகள் கூடினவா என்று இரு காலப்பகுதிகளை ஒப்பிடும் வசதியைப் புதியவர்கள் தவறவிடக் கூடாது.