கடைக்காரர் கொடுத்த ஹாஷை வைத்துக் கடைக்காரர் ஃபைலைச் சரிபார்க்காதீர்கள்: மதுரையில் ஒரு இன்ஸ்டால் பென்டிரைவ்

பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு கணினிக் கடையில் நடந்தது இது. உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு பாலிடெக்னிக் மாணவர் 900 ரூபாய் கொடுத்து 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றை வாங்கினார். உள்ளே வென்டாய் (ஒரே பென்டிரைவிலிருந்து பல ஐஎஸ்ஓக்களைப் பூட் செய்யும் கருவி) போட்டு, இலவச லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 24.04-இன் ஐஎஸ்ஓ (முழு இன்ஸ்டால் டிஸ்கையும் ஒரே ஃபைலாக அடைத்தது) ஒன்றும், விண்டோஸ் 11 'லைட்' என்று பெயரிட்ட ஐஎஸ்ஓ ஒன்றும் வைத்திருந்தார்கள். கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதில் இரண்டு ஐஎஸ்ஓவுக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாளம்) எழுதி, "வெரிஃபைடு" என்று போட்டிருந்தது.

உபுண்டு பூட் ஆனது. டெஸ்க்டாப்பும் வந்தது. இன்ஸ்டால் கொடுத்தால் பாதியில் நின்றது. மறுநாள் மறுபடி பஸ் ஏறி வந்து கேட்டபோது கிடைத்த பதில்: "தம்பி, ஐஎஸ்ஓ பக்காவா இருக்கு, ஹாஷே கொடுத்திருக்கோம்ல. உன் ஹார்ட் டிஸ்க் போயிருச்சு. எஸ்எஸ்டி மாத்து." அதற்கு 2,500 ரூபாய். மாற்றிய பிறகும் அதே இடத்தில்தான் நின்றது. பழைய டிஸ்கை ஸ்மார்ட்சிடிஎல் என்ற டிஸ்க் சோதனைக் கருவி வைத்துப் பார்த்தால் கெட்டுப்போன செக்டர் ஒன்றுகூட இல்லை. 3,400 ரூபாய் போனது ஒரு நல்ல டிஸ்கைக் கழற்றுவதற்காக. பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, "சாஃப்ட்வேருக்கு ரிட்டர்ன் கிடையாது."

கோளாறு முழுக்க ஐஎஸ்ஓவில் இருந்தது. எப்படி என்று விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதே வகைப் பென்டிரைவ் இன்னும் விற்கப்படுகிறது.

அந்த உபுண்டு ஃபைலின் அளவு, உபுண்டுவின் சொந்தத் தளத்தில் உள்ள ஃபைலின் அளவோடு பைட் பிசகாமல் ஒத்துப்போனது. ஹாஷ் மட்டும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கடை கொடுத்த டெக்ஸ்ட் ஃபைலில் இருந்த ஹாஷோடு அச்சாகப் பொருந்தியது! நல்ல ஃபைல் ஒன்றை இறக்கி, இரண்டையும் சிஎம்பி கட்டளையில் ஒப்பிட்டால், கடை ஃபைலின் நடுவே பல இடங்களில் வெறும் பூஜ்ஜியங்கள். ஒவ்வொரு ஓட்டையும் சரியாக 1 எம்ஐபி (கிட்டத்தட்ட 1 எம்பி) எல்லையில் தொடங்கி 1 எம்ஐபி எல்லையில் முடிந்தது.

ஏரியா-2 என்ற டவுன்லோடு கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த அடையாளம் உடனே புரியும். அந்தக் கருவி, இறக்கத் தொடங்கும்போதே முழு ஃபைலுக்கும் டிஸ்கில் இடம் பிடித்துவிடும். 6 ஜிபி ஐஎஸ்ஓ என்றால், 10 சதவீதம் இறங்கியிருக்கும்போதே ஃபோல்டரில் 6 ஜிபி என்று காட்டும். பல இணைப்புகளில் துண்டு துண்டாக இறக்குவதால் ஓட்டை கடைசியில் மட்டும் இருக்காது, நடுநடுவே இருக்கும். துண்டின் இயல்பான அளவு 1 எம்ஐபி. வேலை முடியாதவரை, ஐஎஸ்ஓ பக்கத்திலேயே அதே பெயரோடு 'டாட் ஏரியா2' என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று நிற்கும். அது நிற்கிறவரை ஐஎஸ்ஓ முழுசாகவில்லை. கரண்ட் போயிருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம். அந்தச் சின்ன ஃபைலை விட்டுவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் காப்பி எடுத்திருக்கிறார்கள். அளவு சரியாக இருந்தது, அத்தோடு விட்டுவிட்டார்கள்.

பூட் ஆவதற்கு வேண்டிய பகுதி இறங்கியிருந்ததால் பூட் ஆனது. இன்ஸ்டாலர், உபுண்டுவைச் சுருக்கி அடைத்து வைத்திருக்கும் பெரிய ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைலைப் பிரிக்கும்போது ஓட்டையில் போய் இடித்தது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 அழுத்திக் கருப்புத் திரைக்குப் போய் 'டி-எம்-இ-எஸ்-ஜி' (சிஸ்டத்தின் உள் செய்திகளைக் காட்டும் கட்டளை) அடித்தால் "ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்" என்று வரிசையாக ஓடும். அந்த வரி வந்தால் சந்தேகப்பட வேண்டியது ஐஎஸ்ஓவையும் பென்டிரைவையும். லேப்டாப் டிஸ்கை அல்ல. ஹார்ட் டிஸ்க் மாற்றச் சொல்கிற எந்தக் கடையிலும் இந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்.

இதிலெல்லாம் மோசமானது அந்த டெக்ஸ்ட் ஃபைல். கெட்ட ஃபைலுக்கே ஹாஷ் எடுத்து, அதையே "வெரிஃபைடு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஹாஷ் என்பது 64 எழுத்து-எண் கொண்ட ஒரு கைரேகை, அவ்வளவுதான். கெட்ட ஃபைலுக்கும் அதற்கென்று ஒரு ஹாஷ் உண்டு. ஃபைல் ஒரு கையிலிருந்தும் ஹாஷ் வேறொரு கையிலிருந்தும் வந்தால்தான் சரிபார்ப்புக்கு அர்த்தம். வியாபாரியின் எடைக்கல்லை வியாபாரியின் தராசிலேயே போட்டுப் பார்த்து என்ன தெரியப்போகிறது?

இது சின்னக் கடைகளோடு நிற்கிற விஷயமும் அல்ல. 2016 பிப்ரவரி 20 அன்று, உபுண்டு மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பைப் பின்வாசல் வைத்த வேறொரு ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தில் இருந்த ஹாஷையும் மாற்றினார்கள். அதே பக்கத்தின் ஹாஷை வைத்துச் சரிபார்த்தவருக்கு எல்லாம் சரி என்றே தெரிந்திருக்கும். டோரன்ட்டில் (பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை) இறக்கியவர்களுக்குப் பாதிப்பில்லை என்று மின்ட் குழு அப்போதே அறிவித்தது. ஹாஷ் பட்டியலுக்கு மேல் டிஜிட்டல் கையெழுத்தும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சரி, வீட்டிலேயே இறக்குவது எப்படி. கட்டளைகளை ஃபோனில் சொல்கிற மாதிரியே சொல்கிறோம்.

டபிள்யூகெட் என்ற டவுன்லோடு கட்டளை இருந்தால் அதற்குப் பின் ஒரு இடைவெளி, ஒரு கோடு (ஹைபன்), சின்ன 'சி', மறுபடி இடைவெளி, ஐஎஸ்ஓவின் முழு முகவரி. அந்தச் சின்ன 'சி' விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வது. லைன் அறுந்தால் அதே ஃபோல்டரில் நின்று அதே கட்டளையை மறுபடி அடித்தால் போதும். ஒன்று மட்டும் கவனம்: டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் பாதி உண்மையிலேயே அதே ஃபைலின் பாதிதானா என்று டபிள்யூகெட் பார்க்காது. அதே பெயரில் சர்வரில் வேறு ஃபைல் வந்திருந்தால் (தினமும் மாறும் 'டெய்லி' பதிப்புகளில் இது சகஜம்) பழையதின் வாலில் புதியதை ஒட்டிவிடும். பதிப்பு எண் பெயரிலேயே உள்ள ஐஎஸ்ஓவை எடுத்தால் இந்தத் தொல்லை வராது.

இன்னொரு டவுன்லோடு கட்டளையான கர்ல் என்றால் மூன்று சுவிட்ச் (கட்டளையோடு சேர்க்கும் குறி) வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கோடு: பெரிய 'எல்', பெரிய 'ஓ', பெரிய 'சி'. பெரிய 'சி'யை அடுத்து ஓர் இடைவெளி விட்டுத் தனியாக இன்னொரு கோடு. அதுதான் விட்ட இடத்தை அதுவே கண்டுபிடிக்கச் சொல்வது. பெரிய 'எல்'லை விட்டுவிட்டால், "ஃபைல் அந்தப் பக்கம் இருக்கிறது" என்று சர்வர் காட்டும் திசைப்பலகையை மட்டும் சேமித்துக்கொண்டு வந்து நிற்கும். ஐஎஸ்ஓ சில நூறு பைட்தான் இருக்கிறது என்றால் அதுதான் காரணம். சின்ன 'எஃப்' சுவிட்சும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "ஃபைல் இல்லை" என்று சர்வர் தரும் 404 பக்கத்தையே ஐஎஸ்ஓ என்ற பெயரில் எழுதி வைக்கும். உபுண்டுவில் புதிய திருத்தப் பதிப்பு வந்ததும் பழையது முதன்மைத் தளத்திலிருந்து பழைய பதிப்புகளுக்கான தளத்துக்குப் போய்விடும். போன வருடக் குறிப்பைப் பார்த்து முகவரி அடித்தால் 404 வருவது அதனால்தான்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கர்ல் உள்ளேயே இருக்கிறது. ஆனால் விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லின் பழைய பதிப்பில் வெறும் 'கர்ல்' என்று அடித்தால் வேறு கட்டளை ஓடும். 'கர்ல் டாட் இஎக்ஸ்இ' என்று முழுசாக அடியுங்கள்.

ஏரியா-2 வேகமானது, நல்ல கருவி. மேலே சொன்ன விபத்துக்குக் கருவியைக் குற்றம் சொல்ல முடியாது. ஐஎஸ்ஓவுக்கு நேரடி முகவரியைக் கொடுப்பதற்குப் பதில், அதே தளத்தில் உள்ள டோரன்ட் ஃபைலைக் கொடுத்தால் ஒவ்வொரு துண்டையும் ஹாஷ் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ளும்.

இறக்கும்போது சான்றிதழ் பிழை (தளம் அசல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற செய்தி) வந்தால் சில கடைகளில், "நோ செக் சர்டிஃபிகேட் போட்டு இறக்குங்க" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அது வாசல் காவலாளியை வீட்டுக்கு அனுப்புவது. பழைய லேப்டாப்பில் இந்தப் பிழைக்கு அடிக்கடி காரணம் கடிகாரம்: மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதியைச் சரிசெய்தால் பிழை போய்விடும்.

டேட்டா கணக்கும் பார்த்துவிட்டு உட்காருங்கள். 40 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 5 எம்பி. 6 ஜிபிக்கு 20 நிமிடம். மொபைல் டேட்டாவில் தினசரி அளவு தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் நொடிக்கு 8 கேபிதான். அதே ஃபைலுக்கு எட்டு நாளுக்கு மேல் ஆகும். தினம் 1.5 ஜிபி பிளான் வைத்திருக்கிறவர்கள் நான்கைந்து நாளாகப் பிரித்து இறக்குங்கள். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ 1 ஜிபிக்குள் அடங்கும், ஆனால் மீதியை இன்ஸ்டால் செய்யும்போது நெட்டிலிருந்து எடுக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

இறக்கி முடித்ததும் சரிபார்ப்பு. உபுண்டு ஐஎஸ்ஓ இருக்கும் அதே பக்கத்தில் 'எஸ்எச்ஏ256சம்ஸ்' என்று ஒரு ஃபைலும், அதே பெயரோடு 'டாட் ஜிபிஜி' சேர்ந்த இன்னொன்றும் இருக்கும். இரண்டையும் ஐஎஸ்ஓ இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். எஸ்எச்ஏ256சம் கட்டளைக்கு சின்ன 'சி' சுவிட்சும், பட்டியலில் இருந்து நம்மிடம் இல்லாத ஃபைல்களை விட்டுவிடச் சொல்லும் 'இக்னோர் மிஸ்ஸிங்' சுவிட்சும் கொடுத்தால், ஐஎஸ்ஓ பெயருக்கு எதிரே 'ஓகே' அல்லது 'ஃபெயில்டு' என்று வரும். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளை, ஹாஷ்ஃபைல் சுவிட்ச், ஃபைல் பெயர், கடைசியில் எஸ்எச்ஏ256. முதல் நான்கும் கடைசி நான்கும் பார்த்து விட்டுவிடாமல் 64 எழுத்தையும் ஒப்பிடுங்கள்.

அடுத்து, பட்டியலின் டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்கும் ஜிபிஜி வெரிஃபை. உபுண்டுவின் பொதுச் சாவியை ஜிபிஜியில் முன்பே சேர்த்திருக்க வேண்டும். முதலில் கையெழுத்து ஃபைல், பிறகு பட்டியல். "குட் சிக்னேச்சர்" வர வேண்டும். அதன் கீழே இந்தச் சாவியை நீங்கள் நம்புவதாகப் பதியவில்லை என்று ஒரு எச்சரிக்கையும் வரும். பலர் அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறார்கள். அது இயல்பு. செய்ய வேண்டியது, காட்டப்படும் சாவியின் 40 எழுத்துக் கைரேகையை, உபுண்டுவின் சரிபார்ப்பு வழிகாட்டியில் உள்ளதோடு ஒப்பிடுவது. அந்தப் பக்கத்தை லேப்டாப்பில் திறக்காமல் ஃபோனில், வேறு நெட்வொர்க்கில் திறந்து பாருங்கள். "பேட் சிக்னேச்சர்" என்று வந்தால் பட்டியல் ஃபைலையே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

'ஃபெயில்டு' வந்தால் 6 ஜிபியையும் மறுபடி இறக்க வேண்டாம். அந்த மாணவரின் ஃபைலும் இப்படித்தான் சரியானது: கெட்ட ஐஎஸ்ஓவின் பெயரை மூலத்தில் உள்ளபடியே வைத்து, அதே ஃபோல்டரில் நின்று, ஏரியா-2வுக்குப் பெரிய 'வி' சுவிட்சோடு டோரன்ட் ஃபைலைக் கொடுத்தால், இருப்பதை எல்லாம் ஹாஷ் பார்த்து, கெட்ட துண்டுகளை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளும். பிறகு அதே லேப்டாப்பில், கழற்றி வைத்த பழைய டிஸ்கிலேயே, தடங்கலில்லாமல் இன்ஸ்டால் ஆனது.

பென்டிரைவிலேயே ஏமாற்றுவதும் உண்டு: உள்ளே 8 ஜிபி, மேலே 64 ஜிபி என்று அச்சு. காலி பென்டிரைவில் எஃப்-3 என்ற சோதனைக் கருவியின் (விசைப்பலகை எஃப்-3 அல்ல) எஃப்-3 ரைட், பிறகு எஃப்-3 ரீட் ஓட்டினால் உண்மை அளவு வெளியே வரும். விண்டோஸில் அதே வேலைக்கு எச்-2 டெஸ்ட்-டபிள்யூ.

அந்த விண்டோஸ் 11 'லைட்' பற்றி: அந்தப் பெயரில் மைக்ரோசாஃப்ட் எதையும் வெளியிடவில்லை. யாரோ பிரித்து, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரைக் கழற்றி, தங்களுக்கு வேண்டியதை வைத்துத் தைத்த ஐஎஸ்ஓ அது. அசல் ஐஎஸ்ஓ மைக்ரோசாஃப்ட் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஹாஷும் அங்கேயே இருக்கிறது. காசு கேட்பது லைசென்ஸுக்கு மட்டும். அங்கே உருவாகும் டவுன்லோடு இணைப்பு 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், எனவே டபிள்யூகெட்டில் நாள் கணக்கில் தொடர முடியாது. 'லைட்' ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் ஆன்டிவைரஸ் ஓட்டிச் சமாதானமாகாமல் டிஸ்கை முழுக்க அழித்து அசலைப் போடுங்கள். ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறு கருவியில் உட்கார்ந்து மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள்.

உபுண்டுவைக் காப்பி போட்டுக் கொடுத்துக் கடைக்காரர் கூலி வாங்குவதில் தப்பே இல்லை. நெட் இல்லாத ஊருக்கு அது நல்ல சேவை. சரிபார்க்காததைச் சரிபார்த்தேன் என்று எழுதி விற்றதும், அதை மறைக்க நல்ல டிஸ்கை மாற்றவைத்ததும்தான் ஏமாற்று. இதற்கு நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள், அதில் "ஐஎஸ்ஓ வெரிஃபைடு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த மாணவரிடம் பில் இல்லை. ஆனால் ஜிபே ரசீது இருக்கிறது, மாற்றிய எஸ்எஸ்டியின் வாரன்டி அட்டை இருக்கிறது. பென்டிரைவில் திருத்தம் எதுவும் செய்யவில்லை, காப்பி எடுத்து அதில்தான் ஐஎஸ்ஓ சரிசெய்யப்பட்டது. கடையின் டெக்ஸ்ட் ஃபைல் உட்பட எல்லாம் வாங்கிய நாளில் இருந்தபடியே ஒரு கவரில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உங்களிடமும் இப்படி ஒரு பென்டிரைவ் இருந்தால், ஃபார்மட் அடிப்பதற்கு முன் முழுசாக ஒரு இமேஜ் (பென்டிரைவின் அச்சு நகல்) எடுத்து வையுங்கள்.