திருநெல்வேலில கால் ரத்தக்குழாய்க்கு பலூன் வச்ச அனுபவம்

குறையும் சொல்லப் போறதால ஆஸ்பத்திரி பேரு போடல. ஜங்ஷன்ல இருந்து ஆட்டோ தூரம்தான்.

அப்பாவுக்கு இருவது வருஷமா சுகரு, பீடி அதுக்கும் முந்தி. ரத்தக்குழாய் அடைச்சு இடது கால் சுண்டுவிரல் கருத்துப் போச்சு, ராத்திரி காலக் கட்டிலுக்கு வெளிய தொங்கப் போட்டாத்தான் தூக்கமே. மொதல்ல காட்டுன இடத்துல முட்டிக்குக் கீழ எடுத்துரணும்னுட்டாங்க. இவரு "ஏல, வண்டிய எடு, சேரன்மாதேவிக்குப் போவோம்"ன்னு எந்திச்சுட்டாரு. சொந்தக்காரத் தம்பி ஒருத்தன்தான் இங்க இன்டர்வென்ஷனல் ரேடியாலஜின்னு, எக்ஸ்ரே படத்தப் பாத்துக்கிட்டே ரத்தக்குழாய்க்குள்ள டியூப் விட்டு வைத்தியம் பாக்குற பிரிவு ஒண்ணு இருக்கு, பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னான். போர்டப் பாத்து நான் கேன்சருக்குக் கரண்டு வைக்கிற இடம்னு நெனச்சேன், நம்ம ஊர்ல பாதி பேரு அப்படித்தான் நெனைப்பாங்க.

டாக்டரு தங்கமான மனுசன். மெரண்டு போயிருந்த அப்பாட்ட கத சொன்னாரு. 1964 ஜனவரில அமெரிக்காவுல போர்ட்லண்ட்ல 82 வயசு அம்மா, கால எடுக்கவே விட மாட்டேன்னுட்டாங்களாம், சார்லஸ் டாட்டர்னு ஒரு எக்ஸ்ரே டாக்டரு ரத்தக்குழாய்க்குள்ள கம்பிய விட்டு, அதுக்கு மேல மெல்லிசு டியூப், அதுக்கு மேல கொஞ்சம் தடிச்சதுன்னு தள்ளியே அடைப்பத் தொறந்துட்டாரு, அந்த அம்மா சாவுற வரைக்கும் சொந்தக் கால்லதான் நடந்துச்சாம். அப்போ அடைப்புக்குள்ள கொண்டுபோயி ஊதி வழிய அகலமாக்குற இந்த பலூன்லாம் கிடையாது, அது 1974ல சூரிச்ல க்ருன்ட்சிக்னு ஒரு டாக்டரு கொண்டாந்தது. அப்பா கேட்டாரு பாருங்க, "கன்னடியன் கால்வாய்ல அமலைச்செடி அடைச்சா கம்ப விட்டு இடிப்போம்லா, அதானய்யா?" டாக்டரு சிரிச்சுட்டு, அதேதான் அண்ணாச்சின்னாரு.

கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு ரத்தத்துல கிரியாட்டினின் பாத்தாங்க, ரத்தக்குழாய் படத்துல தெரியுறதுக்கு ஏத்துற சாயம் கிட்னி சரியில்லாதவங்களுக்கு ஆகாதாம்லா. மறுநாள் தொடைப்பக்கம் மரத்துப்போற ஊசி, மயக்கம்லாம் இல்ல, ஒன்றரை மணி நேரம் டிவில தன் காலையே பாத்துட்டுக் கெடந்தாரு. மொதப் படத்துல முட்டிக்குக் கீழ ஒண்ணுமே தெரியல, கடைசிப் படத்துல பாதம் வரைக்கும் கறுப்பா ஒரு கோடு எறங்குது. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அப்புறம் ஆறு மணி நேரம் கால மடக்கக் கூடாது, அதுக்குத்தான் மனுசன் படுத்துன பாடு.

இப்ப கொற. எட்டு மணிக்கு வரச்சொல்லி ஒரு மணிக்குத்தான் உள்ள கூப்பிட்டாங்க. சுகர் பேஷண்ட்ட வெறும் வயித்தோட இப்படியா போடுவாங்க? எஸ்டிமேட் ஒண்ணு பில்லு ஒண்ணு, பலூன் ரெண்டு ஆயிட்டாம், முன்னாடியே சொன்னா என்னவாம். கேன்டீன் டீ வாய்ல வைக்க முடியல.

பலூன் வச்சா ஆயுசுக்கும் அடைக்காதுன்னு இல்ல, மாத்திரைய விடக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொன்னாங்க. எல்லாருக்கும் சரிப்படவும் செய்யாதாம். ஆனா கால எடுக்க கையெழுத்துக் கேட்டா, போடுறதுக்கு முந்தி இவங்கட்ட ஒருவாட்டி காட்டிருங்க.

விரலு மட்டும் போச்சு, காலு இருக்கு. பீடிய விட்டுட்டேங்காரு. சட்டைப்பைல தீப்பெட்டி கெடக்கு.