செண்பகக் கன்று வாங்குமுன் தண்டைப் பாருங்கள்

விதைக்கன்றை ஒட்டுக்கன்று என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். அது தெரியவர எனக்கு ஆறு வருஷம் ஆனது. இந்த மழைக்காலத்தில் செண்பகம் வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நர்சரிக்குப் போங்கள்.

அம்மாவுக்குத் தென்காசிப் பக்கம். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு ஏறும் வழியில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கி முந்தானையில் முடிந்து வந்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. கும்பகோணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் அந்தப் பூ அபூர்வமாகிவிட்டது. பக்கத்தில் திருநாகேஸ்வரம் கோயிலில் செண்பகம்தான் தலவிருட்சம். அங்கே போகும்போதெல்லாம் மரத்தடியில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். 2018இல் சொந்த வீடு கட்டியதும் நான் செய்த முதல் வேலை, இரண்டு செண்பகக் கன்று வாங்கியதுதான்.

நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய நர்சரி. விதைக்கன்று 60 ரூபாய், ஒட்டு 450 ரூபாய் என்றார் கடைக்காரர். "ஒட்டு எடுத்துக்குங்கக்கா, அடுத்த வருஷமே பூக்கும். எட்டடிக்கு மேல போகாது, சுவர் ஓரமாவே வைக்கலாம்." தண்டில் முழங்கை நீளத்துக்குக் கீழே வெள்ளை பாலித்தீன் நாடா இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். அம்மாவுக்கு அப்போது 71 வயது. பத்து வருஷம் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. அதனால்தான் ஏழரை மடங்கு விலை கொடுத்தேன்.

செண்பகத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. விதையிலிருந்து வரும் மரம் பூக்க ஏழெட்டு வருஷமாவது ஆகும், பத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒட்டுக்கன்றில் கீழே வேரோடு இருப்பது வேறொரு கன்று, அதுதான் வேர்ச்செடி. அதன்மேல் ஒட்டியிருப்பதோ ஏற்கெனவே பூத்துக்கொண்டிருக்கும் மரத்தின் கிளை. அந்த மரத்தின் வயது கிளையோடு கூடவே வந்துவிடுவதால் ஓரிரு வருஷத்தில் பூக்கும், சில கன்று பையில் இருக்கும்போதே மொட்டு விடும்.

எங்கள் கன்றுகள் நன்றாகத்தான் வளர்ந்தன. இலை பளபளவென்று இருந்தது. மொட்டு மட்டும் இல்லை. இரண்டாம் வருஷம் கடைக்குப் போய்க் கேட்டேன். வெயில் பத்தவில்லை என்றார். மறு வருஷம் மண் சரியில்லை என்றார். "பூ மருந்து" என்று லேபிள் இல்லாத ஒரு பாட்டிலை 300 ரூபாய்க்குக் கொடுத்தார். அதை ஊற்றிய பத்தாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகி உதிர ஆரம்பித்தது. லேபிள் இல்லாத எதையும் செடிக்கு ஊற்றாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது.

அம்மா தினமும் காலையில் காபி டம்ளரோடு போய் நுனியை அண்ணாந்து பார்ப்பார். "இன்னைக்கும் இலைதான்" என்று சொல்லிவிட்டு வருவார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

2024இல் பக்கத்து வீட்டு மாமரத்துக்கு ஒட்டுக் கட்ட ஒரு பெரியவர் வந்தார். நாற்பது வருஷமாக அதே தொழில். எங்கள் மரத்தையும் பார்க்கச் சொன்னேன். அடித்தண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஒட்டே இல்லம்மா. விதைக்கன்னுல சும்மா நாடாவைச் சுத்தி வித்திருக்காங்க" என்றார். உண்மையான ஒட்டு எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டு மாவிலேயே காட்டினார். ஒட்டிய இடத்தில் தண்டு லேசாக வளைந்தோ புடைத்தோ இருக்கும். மேல்தண்டும் கீழ்த்தண்டும் பட்டையின் நிறத்திலும் சொரசொரப்பிலும் வேறுபடும். ஆப்பு மாதிரி செருகிய தழும்போ, வேர்ச்செடியின் தலையை வெட்டிய அடையாளமோ தெரியும். எங்கள் மரத்தில் தண்டு தரையிலிருந்து நுனிவரை ஒரே நேர்கோடு, ஒரே பட்டை. நாடா இறுக்கிய வளையத் தழும்பு மட்டும்தான் இருந்தது.

கடையில் நாடாவை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டு நன்றாகச் சேர்ந்த கன்றில் அவிழ்ப்பதால் ஒன்றும் ஆகாது. ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே கட்டிய கிளை பட்டுப்போய் வேர்ச்செடி மட்டும் தழைத்த கன்றுகளையும் ஒட்டு விலைக்கே விற்கிறார்கள். வெள்ளைச் செண்பகம் கேட்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது கலப்பினம், விதை பிடிப்பது மிக அரிது, ஒட்டோ பதியனோ (கிளையை மரத்திலேயே வேர்விட வைத்துப் பிரிப்பது) போட்டுத்தான் பெருக்குவார்கள். "வெள்ளைச் செண்பகம், விதைக்கன்று" என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் அது பெரும்பாலும் மஞ்சள் செண்பகமாகத்தான் இருக்கும். வேன் வண்டியில் கலர் படத்தை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நீலச் செண்பகம் விற்கிறார்கள். செண்பகத்தில் நீலமே கிடையாது.

பூ வராதது ஒரு நஷ்டம் என்றால், இடம் இன்னொன்று. எட்டடிக்கு மேல் போகாது என்ற பேச்சை நம்பிச் சுற்றுச்சுவரிலிருந்து நாலடியில் வைத்தேன். காட்டில் நூறு அடிக்கு ஓங்கும் மரம் அது. மாடிக் கைப்பிடியைத் தாண்டி மின்கம்பியைத் தொட்ட பிறகு ஒன்றை வெட்ட வேண்டியதாயிற்று. ஆள்கூலி 2,500 ரூபாய். கன்றுகள், பாட்டில், வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்தால் 3,700 ரூபாய்.

கடைக்குத் திரும்பப் போனேன். "அப்ப இருந்த ஆள் இப்ப இல்லை" என்றார்கள். என் கையில் பில்லும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருஷம்தான் கெடு. ஒட்டு பொய் என்று தெரியவே அதைவிட அதிக காலம் ஆகிறது. விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே பில்லில் "செண்பகம், ஒட்டுக்கன்று" என்றே எழுதி வாங்குங்கள், வாங்கிய அன்றே ஒட்டுப் பகுதியைப் படம் எடுத்து வையுங்கள். முதல் வருஷமே சந்தேகம் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போன ஆடியில் மறுபடி கன்று தேடினேன். பில்லில் ஒட்டு என்று எழுதச் சொன்னதும் முதல் கடைக்காரர், "அதெல்லாம் எழுதறதில்லைங்க" என்றார். திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் நான் கேட்காமலே நாடாவை அவிழ்த்துக் காட்டினார்கள், எழுதியும் தந்தார்கள். இடுப்பளவு கன்று, நுனியில் இரண்டு மொட்டு. இந்த முறை சுவரை விட்டு 15 அடி தள்ளி, அம்மா உட்காரும் திண்ணைக்கு எதிரே வைத்திருக்கிறோம்.